வெள்ளத்தைத் தாமதப்படுத்தும் மண் அணை

வெள்ளத் தடுப்புக்காகச் சிற்றோடையின் குறுக்கே கட்டப்படும் மண் அணைக்கு ஒரே வேலைதான். மழையின்போது மேட்டிலிருந்து ஒரே மூச்சில் இறங்கி வரும் நீரைப் பிடித்து நிறுத்தி, கீழே உள்ள ஓடை தாங்கும் அளவுக்குச் சிறுகச் சிறுக வெளியே விட வேண்டும். பாசன ஏரி நிறைந்திருந்தால் ஊருக்கு நிம்மதி. இந்த அணை காலியாக இருந்தால்தான் ஊருக்கு நிம்மதி. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் இதன் பின்னால் ஒரு குட்டை அளவு தண்ணீரே கிடக்கும். அதற்கு மேலே உள்ள இடம் முழுவதும், எப்போது பெய்யும் என்று தெரியாத ஒரு பெருமழைக்காக விட்டு வைக்கப்பட்டது. உயரம் பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டியே இருக்கும். கட்டுவதற்கான மண்ணும் அதே பள்ளத்தாக்கில் வெட்டியெடுத்ததுதான்.

இத்தகைய அணைகளை ஒரு நாடு முழுவதும் திட்டமிட்டுக் கட்டியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்கா. வேளாண் துறையின் உதவியுடன் அங்கே 47 மாநிலங்களில் 11,800-க்கும் மேற்பட்ட அணைகள் எழுந்தன. எண்ணிக்கையில் முதலிடம் ஓக்லஹோமாவுக்கு: 2,100-க்கும் மேல். அங்கே வாஷிட்டா ஆற்றின் படுகையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. இந்த முயற்சி தொடங்கியதும் அந்தப் படுகையில்தான்.

வாஷிட்டா டெக்சஸின் வடபகுதியில் பிறந்து, ஓக்லஹோமாவின் மேற்கையும் தெற்கையும் கடந்து ரெட் ஆற்றில் சேர்கிறது. படுகையின் செம்மண் சரிவுகள் ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறியவர்கள் அந்தப் புல்லை உழுது பருத்தியும் கோதுமையும் விதைத்தார்கள். பெரும்பாலும் சரிவின் போக்கிலேயே உழவு நடந்தது. 1930-களின் வறட்சியில் மேல்மண் புழுதியாகப் பறந்தது. மழை பெய்தபோது எஞ்சியது நீரோடு போனது. வேர்ப்பிடிப்பு இல்லாத நிலம் மழையைக் குடிக்காது. அதனால் சிறு ஓடைகள்கூட ஓரிரு மணி நேரத்தில் பெருக்கெடுத்தன. 1934 ஏப்ரலில் படுகையின் மேற்பகுதியில் கொட்டிய மழையால் எழுந்த வெள்ளம், ஹேமன் என்ற சிற்றூரின் அருகே 17 பேரைப் பலிகொண்டது. புழுதியும் வெள்ளமும் ஒரே மண்ணை ஒரே பத்தாண்டில் தாக்கியதைப் பார்த்த உழவர்கள், இரண்டுக்கும் காரணம் சரிவு நிலத்தின் கேடுதான் என்று புரிந்துகொண்டார்கள்.

மண் அரிப்புக்கு எதிராக நாடு முழுவதும் குரல் கொடுத்துவந்த ஹியூ ஹேமண்ட் பென்னட்டின் தலைமையில், 1935-இல் வேளாண் துறைக்குள் மண் பாதுகாப்புப் பணியகம் அமைந்தது. 1936-இல் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டம் பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. பேராறுகளும் அவற்றின் அணைகளும் ராணுவப் பொறியாளர் படையிடம் போயின. மேட்டு நிலங்களும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் வேளாண் துறையிடம் வந்தன. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் முதல்கட்டமாக 11 நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் வேலையைத் தொடங்க அனுமதி தந்தது. அவற்றுள் வாஷிட்டாவும் ஒன்று. போர் முடிந்த பிறகு, 1948 ஜூலையில், கார்டெல் என்ற ஊருக்கு அருகே கிளவுட் ஓடையின் குறுக்கே முதல் அணை முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சாண்ட்ஸ்டோன் என்ற ஓர் ஓடைக்கு மட்டும் 24 அணைகள் கட்டப்பட்டன. ஒரு முழு ஓடையையும் அதன் கிளைகளோடு சேர்த்து இப்படிச் சீராக்க முடியும் என்பதற்கு அது சான்றாக நின்றது. அந்தத் துணிவில்தான் 1954-இல் நாடு முழுவதற்குமான சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிச் சட்டம் நிறைவேறியது.

இந்தச் சட்டம் அளவுக்கு வரம்பு வைத்தது. ஒரு திட்டத்துக்குள் வரும் நீர்ப்பிடிப்புப் பகுதி 2,50,000 ஏக்கரைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம், வேலையைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்ற விதி. கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்றது. நீர் தேங்கும் நிலத்துக்கான உரிமையை உள்ளூர் அமைப்பு பெற்றுத் தர வேண்டும். கட்டி முடித்த பின் பராமரிப்பும் அதன் பொறுப்பே. தன் தோட்டத்தின் ஒரு பகுதி ஆண்டில் சில நாள்கள் நீரில் மூழ்கும் என்று தெரிந்தே எத்தனையோ உழவர்கள் அந்த உரிமையைக் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். பயன் கீழே இருப்பவனுக்கு, இழப்பு மேலே இருப்பவனுக்கு என்ற நிலையில் அவர்கள் கொடுத்த அந்த நிலம் இல்லாமல் ஓர் அணைகூட எழுந்திருக்காது.

இவ்வளவு சிறிய கரை வெள்ளத்தை எப்படி அடக்குகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். பத்து சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்ளலாம். விழுந்த நீர் மொத்தம் பத்து லட்சம் கன மீட்டர். அதில் பாதி நிலத்தில் இறங்கிப்போக, மீதி ஐந்து லட்சம் கன மீட்டர் ஓடைக்கு வருகிறது. அணை இல்லாத இடத்தில் அது நான்கு மணி நேரத்தில் வடிந்தால், விநாடிக்குச் சராசரியாக 35 கன மீட்டர் பாயும். உச்ச நேரத்தில் அது இன்னும் கூடும். ஓடையால் அதைத் தாங்க முடியாது. கரை புரண்டு வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் புகும். அணை இருந்தால் அதே நீர் ஏறக்குறைய 20 ஹெக்டேர் பரப்பில் சராசரி இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு நிற்கும். கரையின் அடியில் போகும் முக்கால் மீட்டர் விட்டமுள்ள குழாய் விநாடிக்கு இரண்டு கன மீட்டர் அளவில் அதை வெளியேற்றும். நீர் வடிய மூன்று நாள் ஆகும். ஒரு சொட்டும் குறையவில்லை. நான்கு மணி நேரத்தில் வந்திருக்க வேண்டியது மூன்று நாளில் வந்தது, அவ்வளவுதான்.

இந்தக் குழாய்க்குக் கதவு கிடையாது. திறக்கவும் மூடவும் ஆள் வேண்டாம். நள்ளிரவு மழையில் யாரும் ஓடி வர வேண்டியதில்லை. அணையின் நீர்ப்பக்கத்தில் கான்கிரீட்டால் ஆன ஒரு சிறு கோபுரம் நிற்கும். நீர் அதன் வாய் மட்டத்தைத் தொட்டதும் தானாக உள்ளே விழுந்து, அடியில் உள்ள குழாய் வழியாகக் கரையைக் கடந்து மறுபக்கம் வெளியேறும். குழாயின் ஓட்டத்துக்கு ஓர் இயல்பு உண்டு: மேலே நிற்கும் நீரின் உயரம் நான்கு மடங்கு ஆனாலும் வெளியேறும் அளவு இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே அணைக்குள் நீர் எவ்வளவு ஏறினாலும் கீழே போகும் ஓட்டம் பெரிதாக மாறாது. கோபுரத்தின் வாயில் கம்பித் தடுப்பு இருக்கும். கிளையும் சருகும் குழாயை அடைத்துவிட்டால் முழு ஏற்பாடும் பாழாகும். அடுத்த மழைக்கு இடம் விட வேண்டும் என்பதால், பிடித்து வைத்த வெள்ளத்தின் பெரும்பகுதி 10 நாளுக்குள் வடிந்துவிடும்படி குழாயின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

கோபுரத்தின் வாய்க்குக் கீழே எப்போதும் நீர் நிற்கும் சிறு குட்டை வண்டலுக்காக ஒதுக்கப்பட்டது. ஓடையோடு வரும் மண் அங்கே படியும். பெரும்பாலான அணைகளில் 50 ஆண்டு வண்டலைத் தாங்கும் அளவுக்கு அந்த இடத்தைக் கணக்கிட்டார்கள். அது நிரம்பும்வரை மாடுகளுக்குக் குடிநீராகவும் மீன் பிடிக்கவும் பயன்படும். பல குடும்பங்களுக்கு இந்த அணை என்றாலே அந்தக் குட்டைதான் நினைவுக்கு வரும்.

கணக்கிட்ட மழையையும் மிஞ்சிய மழை ஒருநாள் பெய்தே தீரும். அப்போது குழாய் போதாது. அதற்காகக் கரையின் ஒரு பக்கத்தில், அணை மண்ணைத் தொடாமல், மேட்டு நிலத்தை வெட்டி அகலமான மிகைநீர் வழி ஒன்றை அமைக்கிறார்கள். நம் ஏரிகளின் கலிங்கு செய்யும் வேலை இதனுடையது. ஆனால் இங்கே கல்லும் சுண்ணாம்பும் இல்லை. புல் வளர்ந்த வெறும் நிலம்தான். நீர் ஓடினால் புல் படுத்து மண்ணின் மேல் ஒரு போர்வையாகிவிடும். வேகம் மண்ணைத் தொடாது. ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் நகரில் உள்ள வேளாண் துறையின் நீரியல் ஆய்வுக்கூடம் 1940-களிலிருந்து இதை முழு அளவிலான வாய்க்கால்களில் சோதித்துவந்தது. அடர்ந்து படர்ந்த பெர்முடா புல், விநாடிக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வேகம்வரை தாங்கும் என்பது அங்கே கிடைத்த விடைகளில் ஒன்று. பெர்முடா புல் வேறு எதுவும் இல்லை, நம் அருகம்புல்தான். அந்தப் புல் வழியின் நடுவே ஒரு புதர் முளைத்தாலோ மாட்டுத் தடம் பள்ளமானாலோ நீர் அங்கே சுழன்று மண்ணைப் பறிக்கத் தொடங்கும். சீராக வெட்டப்பட்ட புல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

கரையைக் கட்டுவது மண்ணைக் குவிப்பது ஆகாது. முதலில் புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். அடித்தளத்தில் மணற்பாங்கான அடுக்கு இருந்தால் நீர் அதன் வழியே கரைக்கு அடியில் ஊறிப் போகும். அதனால் கரையின் நீளம் முழுவதும் ஓர் அகழியை இறுகிய மண் வரும்வரை தோண்டி, களிமண் நிரப்பி இறுக்குகிறார்கள். கரையின் நடுப்பகுதிக்கு நீரைக் குறைவாக விடும் களிமண். வெளிப்புறங்களுக்கு மற்ற மண். ஒரு சாண் கனத்துக்கு மண் பரப்பி, முள் முள்ளாகக் குமிழ்கள் கொண்ட உருளையை அதன் மேல் பல முறை ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. மண்ணில் ஈரம் குறைந்தால் இறுகாது, கூடினால் குழையும். எந்த அளவு ஈரத்தில் எந்த மண் மிக நன்றாக இறுகும் என்பதைச் சோதித்துக் கண்டறியும் முறையை 1933-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அணைப் பணியில் இருந்த ரால்ஃப் புரோக்டர் வெளியிட்டார். உலகம் முழுவதும் மண் வேலைக்கு இன்றும் அதுவே அடிப்படை.

சரிவு மிக முக்கியம். ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் அகலம் என்ற சாய்வு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பத்து மீட்டர் உயர அணைக்கு இரு பக்கமும் அந்தச் சாய்வும், உச்சியில் நான்கு மீட்டர் அகலமும் வைத்தால், அடி அகலம் 64 மீட்டர் வரும். சிறிய அணை என்று சொன்னாலும் நேரில் பார்ப்பவருக்கு அது ஒரு மேடாகத்தான் தெரியும்.

மண் அணைக்குள் நீர் கசிவது இயல்பு. எந்தக் கரையும் முழுவதும் காயாது. கசியும் நீர் மண்துகளை எடுத்துக்கொண்டு போகத் தொடங்குவதுதான் ஆபத்து. மெல்லிய இழையாகத் தொடங்கும் அந்த வழி உள்ளுக்குள் பெரிதாகிக் குழாய் போல் ஆகி, கரையை உள்ளிருந்தே தின்றுவிடும். கான்கிரீட் குழாயை ஒட்டிய மண்ணில் இது எளிதாக நேரும்; அங்கே உருளை ஓட்ட இடமில்லாததால் மண் சரியாக இறுகுவதில்லை. முன்பு குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் கட்டிக் கசிவை மறிக்கப் பார்த்தார்கள். அந்த வளையங்களைச் சுற்றியும் மண்ணை இறுக்குவது கடினமாகவே இருந்தது. பின்னர் அவற்றைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணலால் ஒரு வடிகட்டி அடுக்கு வைக்கும் முறைக்கு மாறினார்கள். மணல் நீரை விடும், மண்ணை விடாது. கசிவை அடியோடு நிறுத்த முயல்வதைவிட, மண் போகாதபடி அதற்கு வழிவிடுவது பாதுகாப்பானது என்ற இந்தப் பாடம், மண் அணைப் பொறியியலில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவு.

இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலையில் ஓக்லஹோமாவின் சிறு அணைகளுக்கும் பங்கு உண்டு. சரியாக இறுக்கி, ஒழுங்காகக் கட்டிய சில அணைகள் முதல் முறை நீர் நிறைந்தபோதே துளை விழுந்து உடைந்தன. மிசிசிப்பியிலும் இப்படி நடந்தது. மண் அணை வல்லுநர் ஜேம்ஸ் ஷெரார்டும் மண் பாதுகாப்புப் பணியகத்தின் பொறியாளர்களும் 1970-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து காரணத்தைக் கண்டார்கள். சோடியம் மிகுந்த சில களிமண்கள், தெளிந்த நீர் பட்டதும் துகள் துகளாகப் பிரிந்து கரைந்துவிடும். மழை நீர் போன்ற உப்பில்லாத நீரில் ஒட்டி நிற்கும் பலம் அவற்றுக்கு இல்லை. கரையில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும். பார்வைக்கு நல்ல களிமண் போலவே இருப்பதால் வழக்கமான சோதனைகளில் இவை மாட்டுவதில்லை. மண் கட்டி ஒன்றைச் சுத்தமான நீரில் போட்டு, சுற்றிலும் புகை போலக் கலங்குகிறதா என்று பார்ப்பது இதற்கான எளிய சோதனை. ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு கண்ணாடிக் குவளை போதும்.

அணை மட்டும் வெள்ளத்தைத் தடுக்காது என்பதும் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. மேட்டில் சம உயர வரப்பு கட்டி உழுதல், அதிகம் சரிந்த நிலத்தைப் பயிரிலிருந்து மீட்டுப் புல்லாக்குதல், நீர் வடியும் பள்ளங்களில் புல் வளர்த்தல் ஆகியவை அணைக்கு முன்பே செய்ய வேண்டியவை. அவை இல்லாவிட்டால் 50 ஆண்டுக்கு என ஒதுக்கிய வண்டல் குட்டை பாதிக் காலத்திலேயே தூர்ந்துவிடும்.

இந்த அணைகள் எழுந்துகொண்டிருந்தபோதே பெரிய விவாதமும் மூண்டது. பேராற்றில் பேரணை கட்டி வளமான பள்ளத்தாக்குகளை மூழ்கடிப்பது வீண் என்றும், மேலேயே நூற்றுக்கணக்கான சிற்றணைகளால் வெள்ளத்தைத் தடுத்துவிடலாம் என்றும் ஓக்லஹோமா இதழாளர் எல்மர் பீட்டர்சன் 1954-இல் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டில் நீரியல் அறிஞர்களான லூனா லியோபோல்டும் தாமஸ் மேடக்கும் இரு தரப்பையும் ஆராய்ந்து நூல் வெளியிட்டார்கள். அவர்கள் வாதத்தின் சாரம் எளிது. சிற்றணையின் பயன் அதன் கீழே முதல் சில மைல்களில் மிக அதிகம். கீழே போகப் போக அணை இல்லாத ஓடைகள் வந்து சேரும், பயன் தேயும். பெரும் படுகை முழுவதும் நாள்கணக்கில் பெய்யும் மழைக்கு முன்னால் சிற்றணைகள் பேராற்றின் வெள்ளத்தை மிகக் குறைவாகவே குறைக்கும். ஒன்று மற்றதற்கு மாற்றாக முடியாது. எழுபது ஆண்டு கடந்தும் அந்த முடிவு நிலைத்து நிற்கிறது. ஆனால் ஓடைக்கரையில் ஐம்பது ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்கு அந்த முதல் சில மைல்களே முழு உலகம்.

இன்று இந்த அணைகளின் சிக்கல் வயதுதான். ஐம்பது ஆண்டுக்கு என்று கட்டியவை ஆயிரக்கணக்கில் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. குழாய்கள் அரித்துப்போகின்றன, குட்டைகள் தூர்ந்துபோகின்றன. கரையில் முளைக்கும் மரத்தை வளரவிட்டால், அது ஒருநாள் காற்றில் சாய்ந்து கரையைப் பெயர்க்கும். பட்டுப்போனால் மக்கிய வேர் நீருக்கு வழியாகும். வளை தோண்டும் விலங்குகள் வேறு. மரமும் வளையும் ஆண்டுக்குச் சில நாள் வேலையில் தீரக்கூடியவை. ஆனால் வெள்ளம் வராத ஊரில் வெள்ளத்தைத் தடுக்கும் அணைக்கு யாரும் செலவழிக்க முன்வருவதில்லை. அணை தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ அவ்வளவுக்கு மறக்கப்படுகிறது.

இன்னொரு மாற்றம் அணைக்கு வெளியே நிகழ்ந்தது. கட்டும்போது கீழே வயலும் மேய்ச்சலும் மட்டுமே இருந்ததால், உடைந்தால் பயிர் போகும் என்ற கணக்கில் குறைந்த ஆபத்துள்ள அணையாகப் பலவற்றை வடிவமைத்தார்கள். வெள்ளம் நின்றதும் அந்தச் சமவெளியில் வீடுகளும் பள்ளிகளும் சாலைகளும் வந்தன. கரை மாறவில்லை, அதன் கீழே உயிர்கள் வந்துவிட்டன. பழைய அளவுக்கு வெட்டிய மிகைநீர் வழி இப்போது போதாது. மண் அணை சிறியது என்பதால் உடைந்தாலும் பெரிய கேடில்லை என்று எண்ணுவதும் தவறு. 1977 நவம்பர் 6 அன்று ஜார்ஜியாவின் டொக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை உடைந்தபோது 39 பேர் இறந்தார்கள். அது வெள்ளத் தடுப்புக்குக் கட்டிய அணை இல்லை. ஆனால் அதன் உயரம் 12 மீட்டருக்குள்தான்.

அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் பழைய சட்டத்தைத் திருத்தி, இந்த அணைகளைச் சீரமைக்கும் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு ஏற்க வழி செய்தது. குழாயை மாற்றுகிறார்கள், கரையை உயர்த்துகிறார்கள், புல் வழியை அகலமாக்குகிறார்கள். அகலமாக்க இடமில்லாத இடங்களில், கரையின் மேலேயே உருளையால் இறுக்கிய கான்கிரீட்டைப் படிப்படியாக அமைத்து, நீர் கரைமேல் வழிந்தாலும் அரிக்காமல் இறங்கும்படி செய்கிறார்கள். மீதிச் செலவும் அன்றாடப் பராமரிப்பும் வழக்கம்போல உள்ளூர் அமைப்பின் தலையில். அவற்றின் கையில் பணம் குறைவு என்பதால் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

சீரமைப்பைவிட மலிவான வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு அணைக்கும், அது உடைந்தால் நீர் எங்கெல்லாம் பாயும் என்று வரைபடத்தில் குறித்து, அந்தப் பரப்பில் புது வீடு கட்ட அனுமதி தராமல் இருந்தால் போதும். கரையை உயர்த்தப் பணம் வேண்டும். இதற்கு உள்ளூர் மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும். சிறு மண் அணை உள்ள எந்த ஊரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.